கிளினிக்கல் ட்ரையல் ஒப்பந்தம்: "ஸ்பான்சர் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது" என்ற வரியை மாற்றக் கேட்கலாமா?

கோமதிபுரம் டாக்டர் (திங்கள், இரவு 10.40)

வணக்கம். மதுரையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சர்க்கரை நோய்ப் பிரிவில் இருக்கிறேன். கால் புண்ணுக்குத் தடவும் ஒரு ஜெல், மூன்றாம் கட்ட ட்ரையல். இந்தியாவில் 14 சைட், அதாவது ஆய்வு நடக்கும் மருத்துவமனை; அதில் நாங்களும் ஒன்று, நான்தான் பி.ஐ. (முதன்மை ஆய்வாளர்). ஸ்பான்சர், அதாவது பணம் போடும் கம்பெனி, வெளிநாடு. நடுவில் ஒரு சி.ஆர்.ஓ., கம்பெனிக்காக ஆய்வை நடத்திக்கொடுக்கும் ஒப்பந்த நிறுவனம்.

ஒப்பந்தம் 31 பக்கம் வந்திருக்கிறது. பட்ஜெட் பக்கத்தை எங்கள் அட்மின் வரி வரியாகப் பார்த்து, டிரஸ்ஸிங்குக்கு ஒரு விசிட்டுக்கு 400 ரூபாய் கூட வாங்கிவிட்டார்கள். மீதிப் பக்கங்களை யாரும் திறந்த மாதிரித் தெரியவில்லை. நேற்று ராத்திரி நானே உட்கார்ந்து படித்தேன். 11ஆம் பிரிவு, தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஸ்பான்சரின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இன்றி மருத்துவமனையோ ஆய்வாளரோ முடிவுகளை எந்த வடிவிலும் வெளியிடக் கூடாது. அனுமதிப்பதும் மறுப்பதும் ஸ்பான்சரின் விருப்பம்."

சி.ஆர்.ஓ.வில் கேட்டேன். "மேடம், இது ஸ்டாண்டர்டு டெம்ப்ளேட். எல்லா சைட்டும் கையெழுத்துப் போட்டாச்சு" என்கிறார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை, ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி கூடுகிறது. நான் ஒன்றும் பெரிய விஞ்ஞானி இல்லை. ஆனால் இரண்டு வருஷம் முப்பது பேருடைய புண்ணை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, ஆறியதா இல்லையா என்று வெளியே சொல்ல எனக்கு வாய் கிடையாது என்றால் உறுத்துகிறது. மாற்றச் சொல்லிக் கேட்டால் சைட்டே கைவிட்டுப் போய்விடுமா?

முன்னாள் சி.ஆர்.ஓ. (திங்கள், இரவு 11.25)

மேடம், "ஸ்டாண்டர்டு டெம்ப்ளேட்" என்ற அந்த வரியை நானே ஏழு வருஷம் டைப் அடித்தவன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வருவது எப்போதுமே இருப்பதில் இறுக்கமான வடிவம். கம்பெனியின் சட்டப் பிரிவு கையில் இன்னொரு தாள் இருக்கும்: சைட் இதைக் கேட்டால் இதுவரை விட்டுக்கொடுக்கலாம், அதற்கு மேல் கேட்டால் மேலிடத்தைக் கேள் என்று. கேட்காதவர்களுக்கு அந்தத் தாள் வெளியே வரவே வராது.

"எல்லா சைட்டும் போட்டாச்சு" என்றால் பெரும்பாலும் மூன்று சைட் போட்டிருக்கும்.

போனில் கேட்காதீர்கள். "இந்த வரி பிடிக்கவில்லை, மாற்றுங்கள்" என்று மெயிலும் போடாதீர்கள், அது அப்படியே கிடக்கும். உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை நீங்களே முழு வாக்கியமாக எழுதி, வேர்டு ஃபைலில் டிராக் சேஞ்சஸ் போட்டு அனுப்புங்கள். அவர்கள் வக்கீலுக்குச் சொந்தமாக எழுதுவதை விட இன்னொருவர் எழுதியதைத் திருத்துவது சுலபம். சைட் இனிஷியேஷன் விசிட்டுக்கு, அதாவது ஆய்வைத் தொடங்கிவைக்க அவர்கள் வரும் நாளுக்கு முன்னால் கேளுங்கள். அதற்குள் ஒரு சைட்டை இழந்தால் அவர்களுக்கும் இரண்டு மாசம் போகும், புதிதாக ஒரு மருத்துவமனையைத் தேடிப் பிடிக்க வேண்டும். மருந்து வந்து ஃபிரிட்ஜில் ஏறிய பிறகு உங்கள் மெயிலுக்கு மதிப்பு இல்லை.

உசிலை ராசு (செவ்வாய், காலை 6.50)

நான் மருத்துவத் துறை இல்லை, அரிசி மண்டி. குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். பணம் போடுகிறவன் கம்பெனி. மருந்து அவனுடையது. டாக்டருக்குச் சம்பளம், ஆஸ்பத்திரிக்கு வாடகை எல்லாம் கொடுக்கிறான். அப்புறம் முடிவை எப்போது சொல்ல வேண்டும் என்பதும் அவன் இஷ்டம்தானே? நான் கூலி கொடுத்துக் கிணறு வெட்டினால், தண்ணி வந்ததா இல்லையா என்று கொத்தனார் ஊரெல்லாம் சொல்லலாமா?

ஒத்தக்கடை வக்கீல் (செவ்வாய், காலை 9.15)

ராசு அண்ணே, கிணறு உங்கள் காலில் இல்லையே. இங்கே வெட்டுவது நோயாளியின் உடம்பில். "இந்த ஆய்வால் வருங்கால நோயாளிகளுக்குப் பலன் கிடைக்கலாம்" என்று ஒப்புதல் படிவத்தில் எழுதித்தான் அவரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். முடிவை அலமாரியில் பூட்டும் உரிமை ஒருவரிடம் இருந்தால் அந்த வரிக்கு என்ன அர்த்தம்?

டாக்டருக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, "இப்போது போட்டுவிடுவோம், பின்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெட்டி டாங் என்ற ஆய்வாளர், தைராய்டு மாத்திரை சின்த்ராய்டையும் விலை குறைந்த மற்ற மாத்திரைகளையும் ஒப்பிட்டார். காசு கொடுத்தது சின்த்ராய்டு கம்பெனியேதான். எல்லாம் ஒரே தரம் என்று முடிவு வந்தது. ஒப்பந்தத்தில் உங்கள் 11ஆம் பிரிவு மாதிரியே ஒரு வரி: எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. 1995 ஜனவரியில் 'ஜாமா' மருத்துவ இதழில் வர இருந்த கட்டுரையை அவரே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பத்திரிகைகளில் விவகாரம் வெடித்த பிறகு 1997 ஏப்ரலில்தான் அச்சில் வந்தது. அத்தனை வருஷம் மக்கள் விலை கூடியதையே வாங்கித் தின்றார்கள். எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஒரு கையெழுத்து.

இரண்டு, "பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது, 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவு இருக்கிறது" என்று யாராவது தைரியம் சொல்வார்கள். வாதம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் எந்த ஊர் நீதிமன்றம் என்று ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்கள். ஒத்தக்கடை வரைக்கும் ஆட்டோவில் வரலாம், வெளிநாட்டு ஆர்பிட்ரேஷனுக்கு எதில் போவீர்கள்?

செல்லூர் கோஆர்டினேட்டர் (செவ்வாய், பகல் 1.30)

நான் பதினோரு வருஷமாக ட்ரையல் கோஆர்டினேட்டர். சட்டம் தெரியாது, ஆனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மருத்துவமனை, கம்பெனி பெயர் வேண்டாம்.

மூட்டுவலி மருந்து ஒன்று. எங்கள் சைட்டில் ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். ஏழாவது மாசம் ஒரு கடிதம் வந்தது: வணிகக் காரணங்களால் ஆய்வு நிறுத்தப்படுகிறது. அவ்வளவுதான், ஒரே பத்தி. கம்பெனி தரப்பில் ஆய்வைக் கண்காணிக்கும் மானிட்டர் வந்து ஆவணக் கோப்புகளை எல்லாம் சரிபார்த்து, மீதி மருந்தை எண்ணிப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிப் போய்விட்டார்.

செல்லம்பட்டியிலிருந்து ஒரு அம்மா வருவார். காலி டியூபை எல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தோம் இல்லையா, அதற்காக ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பை வைத்திருப்பார். ஒவ்வொரு டியூபையும் அடியிலிருந்து சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவருவார். கடைசி விசிட்டில் பையை மேசையில் வைத்துவிட்டு, "ஏம்மா, இது நல்ல மருந்தா, கெட்ட மருந்தா? ஏன் நிப்பாட்டிட்டாக?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை. டாக்டர் நம்முடைய ஒன்பது பேர் விவரத்தையாவது எழுதலாம் என்று பார்த்தார். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்த அட்மின், "வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவை இப்போதும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது பார்ப்பேன். கொஞ்சம் ஒதுங்கித்தான் போவேன்.

திருநகர் புள்ளி (செவ்வாய், மாலை 5.05)

புள்ளியியல் ஆள் நான். ராசு அண்ணன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

டாக்டர், 14 சைட்டில் நீங்கள் ஒன்று. உங்கள் முப்பது பேரை மட்டும் தனியாக எடுத்து "மருந்து வேலை செய்கிறது" என்றோ "செய்யவில்லை" என்றோ எழுதினால் அது தப்பாகவே போக வாய்ப்பு அதிகம். முப்பது பேரில் பாதி டம்மி ஜெல். பதினைந்துக்குப் பதினைந்து வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பதினான்கு சைட்டும் பதினான்கு கட்டுரை போட்டால் அதில் இரண்டு அற்புதமாக இருக்கும், இரண்டு பயங்கரமாக இருக்கும், இரண்டுமே வெறும் தற்செயல். ஆகவே "முதலில் எல்லா சைட்டும் சேர்ந்த மொத்தக் கட்டுரை, அப்புறம்தான் தனித்தனி" என்று கம்பெனி கேட்பது சரியான கோரிக்கை. அதை எதிர்க்காதீர்கள்.

எதிர்க்க வேண்டியது அதற்குத் தேதி இல்லாததை. "மொத்தக் கட்டுரை வந்த பிறகு" என்று மட்டும் இருந்தால், அது வராமலே போகலாம். வழக்கமாக 12 முதல் 18 மாசம் என்று ஒரு கெடு போடுவார்கள், அதற்குள் வராவிட்டால் சைட் தன்னுடையதை வெளியிடலாம். அந்தக் கெடு எந்த நாளிலிருந்து என்பதில்தான் சூது. "ஆய்வு நிறைவடைந்த நாளிலிருந்து" என்று இருந்தால், நிறைவு என்றால் என்ன என்று முதல் பக்க வரையறையைப் பாருங்கள். "இறுதி அறிக்கையை ஸ்பான்சர் ஏற்றுக்கொண்ட நாள்" என்று இருக்கும். அவர் ஏற்கவே இல்லை என்றால்? கடிகாரம் ஓடவே ஓடாது. "எல்லா சைட்டையும் சேர்த்துக் கடைசி நோயாளியின் கடைசி விசிட், அல்லது ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்ட நாள், இரண்டில் எது முன்னாலோ அது" என்று மாற்றுங்கள். செல்லூர் மேடம் சொன்ன ஒன்பது பேர் கதைக்கு அந்த "பாதியில்" என்ற சொல்தான் மருந்து.

நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. வயலில் தாள் குத்தி, சோளத்தட்டை கிழித்துக் கண்ணில் பூஞ்சைப் புண்ணோடு வருகிறவர்களை மதுரைக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். பழைய நட்டமைசின் சொட்டு மருந்தா, புதிய வோரிகோனசோலா என்று அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவின் அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2010இல் ஒரு ட்ரையல் தொடங்கின. 323 நோயாளிகள். பணம் அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம். 2013இல் கட்டுரை வந்தது: பழைய மருந்துதான் மேல், அதிலும் ஃபியூசேரியம் பூஞ்சையில் வித்தியாசம் பெரிது. புதுசு தோற்ற கதையும் வெளியே வந்தால்தான் மேலூரில் உட்கார்ந்திருக்கும் கண் டாக்டருக்கு எதை எழுதுவது என்று தெரியும்.

முன்னாள் சி.ஆர்.ஓ. (செவ்வாய், இரவு 9.40)

புள்ளி சார் சொன்ன தேதி விஷயம் தங்கம். நான் இன்னொரு பொறியைச் சொல்கிறேன். இது 11ஆம் பிரிவில் இருக்காது. ரகசியம் பற்றிய பிரிவுக்குப் போங்கள், அநேகமாக 7 அல்லது 8. "ரகசியத் தகவல்" என்பதன் வரையறையில், கம்பெனி கொடுத்த புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்), மருந்து விவரம் இவற்றோடு கூடவே "ஆய்வின் மூலம் உருவாகும் அனைத்துத் தரவுகளும் முடிவுகளும்" என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். 11இல் வெளியிடலாம் என்று தாராளமாக எழுதிவிட்டு, 8இல் முடிவே ரகசியம் என்று எழுதினால், வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிக்கொண்ட கதை. அந்த வாலை வெட்டுங்கள்.

அப்புறம் கட்டுரையை முன்கூட்டி அனுப்பச் சொல்வார்கள். அது தப்பில்லை. 30 நாள் நியாயம், 60 வரைக்கும் போகலாம். அந்த நாளுக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று பொருள், இதை எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்று பொங்கல் போய் தீபாவளி வரும். காப்புரிமை விண்ணப்பிக்க இன்னொரு 60 நாள் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கட்டுரை முதலில் வந்தால் காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போய்விடும், அந்தப் பயம் நிஜமானது.

கம்பெனியின் கருத்துகளை ஆய்வாளர் "ஏற்பார்" என்று இருந்தால் "நல்லெண்ணத்துடன் பரிசீலிப்பார்" என்று மாற்றுங்கள். இந்த ஒரு வினைச்சொல்லுக்காக நான் மூன்று வாரம் மெயில் போக்குவரத்து பார்த்திருக்கிறேன்.

ஒத்தக்கடை வக்கீல் (புதன், காலை 8.50)

ஒன்றைத் தனியாகப் பிரித்து வையுங்கள் டாக்டர். பத்திரிகையில் வெளியிடுவது வேறு, ஆபத்தைச் சொல்வது வேறு.

டொரன்டோவில் நான்சி ஒலிவியரி என்ற ரத்தநோய் மருத்துவர் தலசீமியாக் குழந்தைகளுக்கு டெஃபெரிப்ரோன் மருந்தை ஆராய்ந்தார். 1996இல் மருந்து மேல் சந்தேகம் வந்து நோயாளிகளிடம் சொல்ல வேண்டும் என்றார். அபோடெக்ஸ் கம்பெனி ட்ரையலை நிறுத்தி, வெளியே பேசினால் வழக்கு என்று எச்சரித்தது. அவர் மீறிப் பேசினார், 1998இல் கட்டுரையும் போட்டார். அதற்கு அவர் பட்ட பாடு பல வருஷம்.

நமக்கு 2019ஆம் வருஷத்துப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் இருக்கின்றன. கடுமையான பாதகம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் உரிம அதிகாரிக்கும் ஸ்பான்சருக்கும் எதிக்ஸ் கமிட்டிக்கும் ஆய்வாளர் தெரிவிக்க வேண்டும். தொடர்வதா வேண்டாமா என்ற மனசை மாற்றக்கூடிய புதுத் தகவல் வந்தால் நோயாளிக்குச் சொல்லப்படும் என்பதும் ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் ஒரே வாக்கியம் சேருங்கள்: "இந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவும், நோயாளிகளின் பாதுகாப்பு தொடர்பான தகவலை நோயாளிகளுக்கோ எதிக்ஸ் கமிட்டிக்கோ அரசு அதிகாரிகளுக்கோ தெரிவிப்பதைத் தடுக்காது." எந்தக் கம்பெனி வக்கீலும் இதை வேண்டாம் என்று எழுத்தில் சொல்லத் துணிய மாட்டார்.

திருநகர் புள்ளி (புதன், காலை 11.20)

மெயிலில் ஏதாவது ஆதாரம் வைத்துப் பேச வேண்டும் என்றால்: 2001லேயே பெரிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சேர்ந்து, முடிவை வெளியிட ஆய்வாளருக்குச் சுதந்திரம் இல்லாத ஆய்வை ஏற்கமாட்டோம் என்று எழுதினார்கள். 2005இல் அமெரிக்காவின் 107 மருத்துவக் கல்லூரிகளிடம் கேட்டதில், வெளியிடலாமா என்ற முடிவை ஸ்பான்சரிடம் விடமாட்டோம் என்றுதான் மிகப் பெரும்பாலானவை சொல்லின. அங்கே இந்தக் கம்பெனி எந்த வாசகத்தில் கையெழுத்துப் போடுகிறதோ அதையே மதுரைக்கும் கொடு என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அதே ஆய்வில் கசப்பான பகுதியும் உண்டு. கட்டுரையைக் கம்பெனியே எழுதட்டும், டாக்டர் பார்த்துக் கருத்துச் சொன்னால் போதும் என்பதற்குப் பாதிக் கல்லூரிகள் தலையாட்டின. இன்னொரு ஆய்வில், கோபன்ஹேகனில் 1994-95இல் ஒப்புதல் பெற்ற 44 கம்பெனி ட்ரையல்களின் புரோட்டோகாலைத் தோண்டியபோது 40இல் வெளியீட்டுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அச்சில் வந்த கட்டுரைகள் எதிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

உசிலை ராசு (புதன், பகல் 12.05)

40ஆ? சரி, என் கிணற்றை நானே மூடிக்கொள்கிறேன்.

கோமதிபுரம் டாக்டர் (அடுத்த செவ்வாய், இரவு 9.10)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். புதன் ராத்திரியே ஃபைலில் திருத்தம் போட்டு அனுப்பினேன். வியாழன், வெள்ளி சத்தமில்லை. எங்கள் அட்மின் மட்டும் "மேடம், பட்ஜெட்டைக் கெடுத்துடாதீங்க" என்று இரண்டு தடவை காபியோடு வந்து போனார். நேற்று சாயங்காலம் பதில் வந்தது, சிவப்பும் நீலமுமாக.

முன் அனுமதி என்ற சொல்லே போய்விட்டது! 30 நாள் கேட்டேன், 45 கொடுத்தார்கள்; பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டார்கள். மொத்தக் கட்டுரைக்கு 12 மாசம் கேட்டேன், 18இல் நின்றார்கள். ஆனால் கடைசி விசிட் அல்லது பாதியில் நிறுத்திய நாள் என்பதற்குச் சரி சொல்லிவிட்டார்கள், ஆகவே 18க்கு ஒப்புக்கொண்டேன். பாதுகாப்பு வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல் அப்படியே உள்ளே வந்துவிட்டது. மற்ற சைட்டுகளின் தரவு வேண்டும் என்று கேட்டதற்கு மட்டும் முடியாது என்றார்கள். எங்கள் சைட்டின் முழுத் தரவும், மொத்த ஆய்வின் சுருக்க அட்டவணைகளும் தருவார்களாம். ரகசிய வரையறையின் வாலைக் கொஞ்சம் முனகிக்கொண்டுதான் வெட்டினார்கள்.

முன்னாள் சி.ஆர்.ஓ. (அடுத்த செவ்வாய், இரவு 9.30)

அருமை மேடம். மற்ற சைட் தரவு எனக்குத் தெரிந்து யாருக்கும் கிடைத்ததில்லை. ஒன்று மட்டும் பாருங்கள். புரோட்டோகாலைக் காட்டுவதற்கு முன்னாலேயே ஒரு சி.டி.ஏ. கையெழுத்து வாங்கியிருப்பார்களே?

கோமதிபுரம் டாக்டர் (அடுத்த செவ்வாய், இரவு 9.34)

சி.டி.ஏ. தானே இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்?

முன்னாள் சி.ஆர்.ஓ. (அடுத்த செவ்வாய், இரவு 9.41)

தமிழில் எழுதினால் இதுதான் தொல்லை. ட்ரையல் ஒப்பந்தமும் சி.டி.ஏ. (CTA), ஆரம்பத்தில் போடும் ரகசியக் காப்பு ஒப்பந்தமும் சி.டி.ஏ. (CDA). நான் கேட்பது பழையது, இரண்டு பக்கத் தாள். அதில் ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று ரகசியக் கெடு இருக்கும். புதியது வந்த பிறகும் அது உயிரோடு இருந்தால், நீங்கள் வெட்டிய வால் அங்கே முளைத்து நிற்கும். "முந்தைய ரகசிய ஒப்பந்தத்துக்குப் பதிலாக இந்த ஒப்பந்தமே செல்லும்" என்று ஒரு வரி கடைசியில் இருக்கிறதா பாருங்கள்.

கோமதிபுரம் டாக்டர் (அடுத்த செவ்வாய், இரவு 10.15)

இல்லை. இப்போதுதான் சேர்த்து அனுப்பினேன். பழைய தாளில் ஏழு வருஷம் போட்டிருக்கிறது. போன மார்ச்சில் ஒரு கான்ஃபரன்ஸ் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்ட ஞாபகம்.

செல்லூர் கோஆர்டினேட்டர் (புதன், காலை 7.20)

டாக்டர், புண்ணைப் போட்டோ எடுப்பீர்கள் இல்லையா? பின்னால் கட்டுரையில் போட வேண்டுமானால் அதற்கு நோயாளியிடம் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். இப்போதே படிவத்தில் சேர்த்துவிடுங்கள், நாளைக்கே கமிட்டிக்குக் காட்டலாம். ஸ்கேலில் நோயாளி பெயர் எழுதும் பழக்கம் நர்ஸ்களுக்கு உண்டு, எண் மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

இந்த இழையைப் படித்த பிறகு நான் இன்னொரு வேலை செய்தேன். எங்கள் பழைய மூட்டுவலி ட்ரையலை சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய அரசின் ட்ரையல் பதிவேட்டில் தேடினேன். 2009லிருந்து எல்லா ட்ரையலும் அதில் பதிவாக வேண்டும் என்பதால் எண் இருந்தது. நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. பக்கத்தில் "ஆட்சேர்ப்பு நடைபெறுகிறது" என்றே இருக்கிறது. மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கட்டம் காலி.

ஒத்தக்கடை வக்கீல் (புதன், காலை 8.05)

அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுங்கள். நிறுத்தக் கடிதத்தின் நகலோடு உங்கள் எதிக்ஸ் கமிட்டிச் செயலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ஸ்பான்சரைத் திருத்தச் சொல்லிக் கேட்க அவருக்கு அதிகாரம் உண்டு. அரசுப் பதிவேட்டில் இருக்கும் தவறைச் சுட்டிக்காட்டுவதை எந்த ரகசியப் பிரிவும் தடுக்காது. டாக்டரையும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

செல்லூர் கோஆர்டினேட்டர் (புதன், பகல் 2.45)

எழுதியாயிற்று. டாக்டர் போட்டுவிட்டார். அட்மின் மட்டும் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுக்கு நகல் எனக்கும் ஒன்று" என்றார்.